மூடியில் ரெண்டாவது பேர்

பேர் பொறிக்கிற கடைக்காரருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பொறிக்கப்போகிற பேரை முதலில் மெல்லிய தாளில் எழுதி, பெட்டியின் மூடிமேல் ஒட்டிக் காட்டுவார். பெட்டியை எடுத்துப்போக வந்தவர் பார்த்துவிட்டு, தாளின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் மிஷினைத் தொடுவார். "தாள்ல தப்புன்னா ரப்பர் இருக்கும்மா, தகட்டுல தப்புன்னா தலையெழுத்துதான்" என்று அன்றைக்கும் சொன்னார். வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பேச்சு போலிருக்கிறது.

பெட்டியை வாங்க வந்திருந்த சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூடியில் ஒட்டியிருந்த தாளில் அண்ணன் பேர் மட்டும்தான் இருந்தது.

பெட்டி என்னவோ நல்ல பெட்டி. அலுமினியம், மூலையெல்லாம் மழுங்கத் தேய்த்து, ரெண்டு கொக்கி, பெரிய தாள் மடங்காமல் படுக்கிற அகலம். மறுநாள் காலையில் ஒரு துணி ஆலையில் அண்ணனுக்கு நேர்காணல். திரைச்சீலைக்கும் படுக்கை விரிப்புக்கும் டிசைன் போடுகிற பிரிவுக்குத் தலைமை வேலை. பெட்டிக்குள் போகப்போகிற முப்பத்திரண்டு டிசைனும், முதல் கோட்டிலிருந்து கடைசிச் சாயம் வரைக்கும், சின்னவள் போட்டவை. "நம்ம பேரைப் பொறிக்கக் கொடுத்திருக்கேன் குட்டி, வர்ற வழியில வாங்கிட்டு வந்துடு" என்று போனில் அத்தனை சந்தோஷமாகச் சொன்னானே! அவன் சொல்கிற 'நம்ம'வை நம்பித்தான் எட்டு வருஷம் ஓட்டியிருக்கிறாள்.

அண்ணனைக் குறை சொல்ல அவளுக்கு வாய் வராது. அப்பா போனபோது படிப்பை விட்டுவிட்டு மூட்டை தூக்கினவன். அந்தக் கூலியில்தான் அவளை ஓவியப் பள்ளியில் சேர்த்தான். நாலு பேர் முன்னால் நின்றால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அவனுக்கு வாய் இருந்தது, கடை கடையாய் ஏறி இறங்கி விற்றான். விற்கிறவன் தன் பேரைப் போட்டுக்கொண்டான், அவளும் தலையாட்டினாள். ஆனால் விற்கிறது வேறு, வரைந்தவனே நான்தான் என்று நாற்காலியில் போய் உட்காருகிறது வேறு இல்லையா?

மூன்று நாளாக ஒவ்வொரு டிசைனாக எடுத்து வைத்துக்கொண்டு, "இதுல என்ன நினைச்சு இந்தக் கலரைப் போட்ட?" என்று கேட்டு, பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி உருப்போட்டான். சொல்லிக்கொடுத்தவளும் அவளேதான், அசடு! துணியில் ஒரு டிசைனின் வலது ஓரம் அடுத்ததின் இடது ஓரத்தோடு பிசிறில்லாமல் சேர வேண்டும், மேலும் கீழும் அப்படியே. இல்லாவிட்டால் துணி முழுக்க ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும். அந்தச் சேர்ப்பு மட்டும் அவன் மண்டையில் ஏறவில்லை. இதையெல்லாம் யார் கேட்கப்போறாங்க என்று விட்டுவிட்டான்.

கடைக்காரர் பேனாவை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைக்கிறோமோ என்று பயம். இன்றைக்கு விட்டால் ஆயுசுக்கும் இல்லை என்று அதைவிடப் பெரிய பயம். அண்ணன் பேருக்குக் கீழே தன் பேரை எழுதினாள், அதையும் ஒரு சுற்றுச் சின்னதாகத்தான். கொடுத்தவருக்குத் தெரியுமா என்று அவர் கேட்டதற்கு, எழுத மறந்துவிட்டார் என்று பொய் சொல்லிக் கையெழுத்தும் போட்டாள். ஊசி கிரீச்சிட்டது. வெள்ளித் தூளை அவர் வாயால் ஊதியதும் ரெண்டு பேரும் பளிச்சென்று தெரிந்தன.

வீட்டில் அண்ணன் மூடியைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. விரலால் ரெண்டாவது பேரைத் தடவினான், தேய்த்தால் போய்விடுமோ என்னவோ. பிறகு மெதுவாக, "அவங்க ஒரு ஆளைத்தானே கூப்பிட்டிருக்காங்க" என்றான்.

"வரைஞ்சது யாருன்னு சொல்லிட்டே வேலையைக் கேளுண்ணா. நானும் கூட வரேன்."

எட்டு வருஷத்தில் அவள் அவனிடம் கேட்ட முதல் காரியம் அதுதான். காலையில பார்ப்போம் என்றான் அவன்.

காலையில் குளித்து, தேய்த்து வைத்திருந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அண்ணன் போய்விட்டிருந்தான். பெட்டி மேஜைமேல் அப்படியே இருந்தது. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் காற்றாய் வந்தது. அலமாரிமேல் கிடந்த பழைய அட்டை ஃபைலைக் காணோம். முப்பத்திரண்டையும் அதில் திணித்து, ரப்பர் பேண்டு போட்டு எடுத்துப் போயிருக்கிறான். அவள் தரையில் உட்கார்ந்து சத்தமாகவே அழுதாள். எனக்காக மூட்டை தூக்கின தோள்தானே, என் பேரு அவ்வளவு கனமாவா போச்சு என்று வாய்விட்டுக் கேட்டாள். உடுப்பை மாற்றவும் மனசு வரவில்லை.

பதினோரு மணிக்குப் போன் அடித்தது. அண்ணன்தான். பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்திருக்கிறான் போல, குரல் கிசுகிசுவென்று இருந்தது.

"குட்டி, அந்தக் கொடி டிசைன்ல ஓரம் எப்படிச் சேருது? நாலு பக்கமும் சேர்த்துக் காட்டச் சொல்றாங்க. சீக்கிரம் சொல்லும்மா."

ரெண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். எட்டு வருஷப் பழக்கம், பதில் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. அவள் மூடியைப் பார்த்தாள். வந்த பதிலை மென்று முழுங்கினாள்.

"வரைஞ்சவளைத்தான் கேட்கணும்னு அவங்ககிட்ட சொல்லுண்ணா. நான் கிளம்பித்தான் உட்கார்ந்திருக்கேன்."

அந்தப் பக்கம் யாரோ கதவைத் திறந்து, உள்ளே கூப்பிடுகிறார்கள் என்று அவனிடம் சொன்னது கேட்டது. அவன் போனை வைக்கவில்லை. சின்னவள் ஒரு கையில் போனும் ஒரு கையில் பெட்டியின் கைப்பிடியுமாக நின்றுகொண்டிருந்தாள்.