செல்வியின் நடை

காலையில் எழுந்ததும் இளஞ்செழியன் பாலைக் காய்ச்சுவான். மனைவி செல்விக்கு ஒரு டம்ளர் ஊற்றி மூடி வைப்பான். குழாயடியில் இரண்டு குடம் பிடிப்பான். பிறகு அவளுடைய போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கோமுகி அணைக்கரைக்கு நடக்கப் போவான். அவள் கள்ளக்குறிச்சி பஸ்ஸைப் பிடிப்பதற்குள் திரும்பிவந்து போனைக் கொடுத்துவிடுவான். நடப்பது அவன், கணக்கு அவளுக்கு.

செந்தமிழ்ச்செல்வி கள்ளக்குறிச்சியில் ஒரு கம்பெனி நடத்திய சேவை மையத்தில் கம்ப்யூட்டரில் மனுக்களைப் பதிகிறவள். இடஒதுக்கீடு கேட்டு ஊரெல்லாம் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. கிடைக்குதோ இல்லையோ, சாதிச் சான்றிதழ் கையில் இருக்கட்டும் என்று சனம் மையத்தை மொய்த்தது. நாற்காலியை விட்டு எழ வழியில்லை. கட்டிக்கொண்டு போன சோறு பாதி நாள் அப்படியே திரும்பி வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கம்பெனி 'நலமே பலம்' என்று ஒரு திட்டத்தை ஆரம்பித்தது. எல்லோரும் தினமும் நடக்க வேண்டும், எவ்வளவு நடக்கிறார்கள் என்பதைப் போன் எண்ணிக்கொள்ளும். நடக்காதவர் பெயரைத் திங்கட்கிழமை கூட்டத்தில் வாசிப்பார்கள். திரையில் ஓர் அம்மாள் தோன்றி மூச்சை ஆழமாக இழுத்துவிடச் சொல்வாள். இழுத்துவிட்ட நேரத்துக்கும் சேர்த்துச் சாயங்காலம் உட்கார வேண்டும்.

"குந்திக் குந்தி காலு வீங்கிக் கெடக்குது, இவனுங்க நடக்கச் சொல்றானுங்க. போன பக்கத்து வூட்டு ஆட்டுக் கழுத்துல கட்டி வுட்டுடலாமா மாமா?" என்றாள் செல்வி.

"ஆடு எதுக்கு? நான் சும்மாதான கீறேன்" என்றான் அவன்.

உண்மைதான். கணக்கு வாத்தியாராக இருந்த தனியார் பள்ளியைக் கொரோனா மூடிவிட்டது. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அவளுக்கென்று செய்ய அவனிடம் கால்கள்தான் இருந்தன. மார்கழிப் பனியில் துண்டைக் காதில் கட்டிக்கொண்டு நடந்தான், கொஞ்சம் அதிகமாகவே நடந்தான். செல்வியின் படத்தை மையத்தின் சுவரில் ஒட்டினார்கள்.

பொங்கல் கழிந்ததும் பஸ் படி ஏறவே அவளுக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்ட டாக்டர், இதய வால்வு சுருங்கியிருக்கிறாற்போல் தெரிகிறது, உடனே சேலம் போய் ஸ்கேன் எடுங்கள், அதுவரை மேடு ஏற வேண்டாம் என்றார்.

அவள் ஒருநாள் லீவு கேட்டாள். மேற்பார்வையாளர் அரங்கநாதன் தன் போனைத் திருப்பிக் காட்டினார். "மாவட்டத்துலயே நீதாம்மா ஃபர்ஸ்ட்டு. இந்த நடை நடக்கறவளுக்கு நெஞ்சுல இன்னா வந்துடப்போவுது?" கல்வராயன் மலையில் ரோடு போகாத ஊர் ஒன்றுக்கு மனு வாங்கும் முகாம் போக வேண்டியிருந்தது. நன்றாக நடக்கிறவர் வேண்டும் என்று அவள் பெயரையே எழுதிக்கொண்டார். மலையிலிருந்து வந்து ஸ்கேனுக்குப் போய்க்கொள்ளலாமாம்.

நாளைக்கு நானே வந்து உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றான் இளஞ்செழியன். செல்வி விடவில்லை. சித்திரைக்கு முன்னால் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். ஏமாற்றியவள் என்று தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், பிறகு ஸ்கேனுக்குப் பணத்துக்கு எங்கே போவது? ஒரே நாள்தானே, மெதுவாக ஏறிக்கொள்கிறேன் என்றாள். அவன் போகவில்லை. மறுநாள் காலையும் அவள் போனோடு அணைக்கரைக்குப் போனான். அதை ஏன் செய்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

முகாமன்று ஜீப் வெள்ளிமலையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒற்றையடிப் பாதை. கைரேகை மிஷினைத் தூக்கிக்கொள்ள மலையூர்க்காரன் பூமாலை வந்திருந்தான். பாதி ஏற்றத்தில், ஒரு கடுக்காய் மரத்தடியில் செல்வி செத்துப்போனாள்.

அவளோடு அவள் போனும் வீடு வந்தது. இன்றைய இலக்கைத் தாண்டிவிட்டீர்கள், வாழ்த்துகள் என்று அதில் ஒரு செய்தி கிடந்தது. செத்தவள் எப்படித் தாண்டினாள் என்று இளஞ்செழியனுக்கு விளங்கவில்லை.

அரங்கநாதன் மாலையோடு வந்தார். முகாமை முடிக்காமல் இறங்க மாட்டேன் என்பதுதான் அவளுடைய கடைசி வார்த்தை என்று கூடியிருந்தவர்களிடம் சொன்னார். பிறகு அதையே பேனராக அடித்து மையத்து வாசலில் கட்டினார்கள்.

காரியம் முடிந்த பிறகு பூமாலை மலையிலிருந்து பஸ் ஏறி வந்தான். கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தான். ஏறும்போது அந்த அம்மா நின்று நின்று வந்ததாகச் சொன்னான். மரத்தடிக்கு வந்ததும் தன் போனை நீட்டி ஒன்று சொன்னதாம். விளையாட்டுக்குச் சொல்கிறது என்று நினைத்து, அவன் போனை வாங்கிக்கொண்டு ஊர்வரைக்கும் போய்க் காத்திருந்தானாம். நெடுநேரம் வரவில்லையே என்று இறங்கி வந்து பார்த்தால், மரத்தில் சாய்ந்த வாக்கில் இருந்ததாம்.

"இன்னா சொன்னா?" என்று கேட்டான் இளஞ்செழியன்.

பூமாலை தலை நிமிராமல் சொன்னான்.

"அண்ணா, இந்த போன எடுத்துக்கினு நீங்க முன்னால நடங்க. நான் கொஞ்சம் குந்திட்டு வரேன்."