லிந்துலையில் ஊன்றிய கால்

1961 ஏப்ரலில், ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு நடந்த சைக்கிள் போட்டியில் ஓட்டியவர்களிலேயே மூத்தவன் ஆண்டியப்பன். ஒரு டயர் கம்பெனியின் சம்பளத்தில் சில வருடங்களாக ஓட்டிக்கொண்டிருந்தான். இந்த முறை முதல் மூன்று பேருக்குள் வராவிட்டால் கம்பெனி அவனை நிறுத்திவிடும். பிறகு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பி, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு நிற்க வேண்டியதுதான். கூட ஓட்டியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

தலவாக்கலை தாண்டியபோது முன்கூட்டத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். அவர்களில் வலுவானவன் கஸ்பர், வேறு கம்பெனிக்காரன். அவன் ஓரமாக ஒதுங்கினான்.

“அண்ணே, ஒங்க ஊரு வருது. முன்னால போங்க.”

எங்கும் எழுதிவைக்காத வழக்கம் அது. சொந்த ஊர் வரும்போது ஒருவனை முன்னே விடுவார்கள். அவன் தன் சனங்களைப் பார்த்து, ஒரு வாய் எதையாவது குடித்துவிட்டு, மற்றவர்கள் வரும்வரை நிற்பான். நிற்காமல் ஓடிப்போகிறவனுக்கு அதன்பிறகு யாரும் முன்னால் ஓட்டி எதிர்காற்றை மறைத்துக் கொடுக்க மாட்டார்கள்.

லிந்துலையில் நின்ற தோட்டத்து ஆட்களுக்கு இதெல்லாம் தெரியாது. “நம்மாளு மொதல்ல வர்றான்டோய்!” என்று தப்பு அடித்தார்கள். இரண்டு பேர் சீட்டைப் பிடித்து மேட்டில் தள்ளினார்கள். ஆண்டியப்பன் பிரேக் பிடித்துக் காலை ஊன்றினான்.

அவன் மனைவி வேலாயி தேத்தண்ணிப் போத்தலோடு ஓடிவந்தாள். “எதுக்கு நிக்கிறீங்க? போங்க!”

“அவங்க வரட்டும்.”

“அவங்க என்ன ஒங்க மாமன் மச்சானா?”

“தேத்தண்ணி குடிக்கவாடா ஹட்டன்லருந்து மிதிச்சு வந்தே?” என்றார் கங்காணி இராமையா. சனம் சிரித்தது.

போத்தல் காலியானது. யாரும் வரவில்லை. யாருக்காவது டயர் வெடித்திருக்கும் என்று நினைத்தான். வியர்வை குளிர்ந்து தொடை இறுகியது. நானுஓயா ஏற்றத்தைப் பார்த்தான். ஒருமுறை பெடலில் காலை வைத்தான், எடுத்துவிட்டான்.

கடைசியில் வந்தார்கள், பேசிக்கொண்டு, மெதுவாக. அவனைக் கண்டதும் கஸ்பரின் முகம் வாடிப்போனது.

“என்னண்ணே, இங்கேயே நிக்கிறீங்க?”

“நீதானே முன்னால விட்டே.”

“நீங்க போயிருவீங்கன்னுல்ல விட்டோம். அதுக்குத்தானே இம்புட்டு மெதுவா வந்தோம்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, தம்பி.”

“அதெப்படிண்ணே சொல்றது? சொன்னா பந்தயத்தை வித்த மாதிரி ஆயிருமே.”

கீழ் வளைவில் பின்கூட்டம் தெரிந்தது. இனி யாருக்காகவும் மெதுவாகப் போக முடியாது. கஸ்பர் எழுந்து மிதித்தான். ஆண்டியப்பனும் கடைசி ஆளாக ஒட்டிக்கொண்டான். ஆனால் ஆறிப்போன கால்கள் கேட்கவில்லை. ராதல்ல ஊர் வருமுன்னே எட்டு முதுகுகளும் பனிமூட்டத்துக்குள் போய்விட்டன.

பின்கூட்டத்திலிருந்து ஓர் இளைஞன் மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். ஆண்டியப்பன் வழக்கப்படி அவனுக்கு முன்னால் போய்க் காற்றை மறைத்துக் கொடுத்தான்.