பத்து மணி ஜெபம்

ஆமென் அக்காவுக்கு அந்தப் பேரை வைத்ததே கூட வேலை பார்க்கிற நெட்டைதான். யார் எதைச் சொன்னாலும் அக்கா பதிலுக்கு ஒரு ஆமென் போடுவாள். மெஷின் ஓடினால் ஆமென். ஓடாவிட்டால், "கர்த்தர் பாத்துக்குவார், ஆமென்." ஒருநாள் நெட்டை, "பாத்ரூம் போயிட்டு வர்றேன்னு சொன்னாக்கூட ஆமென் சொல்லுவே போலிருக்கே அக்கா," என்று சொல்லிச் சிரிக்க, சலவைக்கூடமே சேர்ந்து சிரித்தது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பேர். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பள நாளன்று மட்டும் கூப்பிடப்படும்.

பெரிய ஓட்டல் ஒன்றின் அடித்தளத்தில் இரண்டு பேருக்கும் வேலை. மேலே நூற்றுக்கணக்கான அறைகள். அத்தனை கட்டில்களின் விரிப்புகளும் கீழேதான் வந்து விழும். துவைத்து, சூடான உருளையில் விட்டு எடுத்ததும் மடிக்க வேண்டும். அந்த அகல விரிப்பை ஒற்றை ஆள் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, விறைப்பாக இழுத்து, ஒரு மடிப்பு போட்டு, எதிரெதிரே நடந்து வந்து முனையை முனையோடு சேர்க்க வேண்டும். நாள் முழுக்க இதே நடைதான். நெட்டை ஒட்டடைக்கம்பு உயரம், அக்கா அவள் தோளுக்குக்கூட வரமாட்டாள். ஆனாலும் அவர்கள் மடிக்கிற மாதிரி மடிக்க அங்கே வேறு ஜோடி கிடையாது.

நெட்டைக்குச் சாமியெல்லாம் கிடையாது. புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போன நாளோடு அதுவும் போயிற்று. "சாமி எனக்கு ஒண்ணும் பண்ணல, நானும் அவரைத் தொந்தரவு பண்றதில்ல," என்பாள். அவளுக்கு இருந்தது ஒரே ஒரு மகள். வாலு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, வெதுவெதுப்பான துண்டுக் குவியலுக்குள் புகுந்துகொண்டு, போகிறவர்கள் வருகிறவர்கள் காலைப் பிடித்து இழுக்கும். அந்த வாலுவின் நெஞ்சில் பிறவியிலேயே ஒரு ஓட்டை.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. முந்தின நாள் மடித்துக்கொண்டிருக்கும்போது, நெட்டை முனையைக் கொடுத்தவள், அக்கா கையை விடாமல் நின்றாள்.

"அக்கா, நாளைக்குப் பத்து மணிக்கு உள்ள கொண்டுபோறாங்களாம். சாமிகிட்டக் கேக்க எனக்குத் தெரியாது. கேட்டாலும் என் பேச்சை அவர் கேப்பாரா? நீ கேளு. அந்த நேரம் மட்டும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

"கண்டிப்பாடி. முழங்கால்லயே நிப்பேன். நீ தைரியமா போ."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அக்கா கெட்டவள் இல்லை. ஒரு ஞாயிறு ஆராதனை தவறவிட்டதில்லை. ஆனால், "ஜெபம் பண்றேன்" என்பது அவள் வாயில், போயிட்டு வர்றேன் என்பது மாதிரி ஆகிவிட்டிருந்தது. சூப்பர்வைசருக்குப் பல்வலியா, ஜெபம் பண்றேன். வாசல் காவலாளிக்கு வீட்டில் சண்டையா, ஜெபம் பண்றேன். பாதி நினைவில் நிற்கும், பாதி காற்றோடு போகும். எவரும் வந்து கணக்குக் கேட்டதில்லை.

மறுநாள் காலை சூப்பர்வைசருக்குப் பிறந்தநாள். துண்டு அடுக்குகிற அறையில் பத்து மணிக்குக் கேக் வெட்டினார்கள். யாரோ அவர் மூக்கில் க்ரீமைத் தடவ, அவர் துரத்த, அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பிறகு வேலை, பிறகு சாப்பாடு. மத்தியானம் காவலாளி இறங்கி வந்து, "வாலு போயிடுச்சாம்" என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. நாக்கில் அந்தக் கேக்கின் இனிப்பு திரும்ப வந்தது.

அடக்கத்தன்று நெட்டை அவளைக் கட்டிக்கொண்டாள். "வெளிய உக்காந்திருந்தப்ப எனக்குப் பயமே இல்லக்கா. அக்கா முழங்கால்ல இருக்கான்னு நெனச்சுக்கிட்டேன். அது ஒண்ணுதான் என்னைப் பிடிச்சு உக்கார வச்சுது."

வீட்டில் அக்கா தன் புருஷனிடம் சொல்லி அழுதாள். அவர் சாந்தமான மனிதர். "அவளுக்கு மிச்சம் இருக்கிறது அந்த ஒரு ஆறுதல்தான். அதையும் பிடுங்கப் போறியா? உன் மனசு லேசாகணும்னு அவ தலையில பாரத்தை ஏத்தாதே." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. அக்கா வாயைக் கட்டிக்கொண்டாள். சோறு இறங்கவில்லை. பைபிளைத் திறந்தால் எழுத்து ஓடவில்லை.

நெட்டை வேலைக்குத் திரும்பினாள். சில வாரம் மடிப்பதும் நடப்பதுமாகப் போனது. ஒருநாள் விரிப்பின் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள்.

"அக்கா, அன்னிக்கு என்ன சொல்லி ஜெபம் பண்ணினே? அந்த வார்த்தையை அப்படியே எனக்குச் சொல்லேன். ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது. நானும் அதையே சொல்லிக்கிட்டுப் படுத்துக்கறேன்."

அக்காவுக்கு ஜெப வார்த்தைக்கா பஞ்சம்? நுனி நாக்கில் ஆயிரம் இருந்தன. கண்ணீரோடு ஒன்றை எடுத்துக் கொடுத்திருந்தால், நெட்டை சாகும்வரை அதை நெஞ்சில் வைத்துக்கொண்டிருப்பாள். அக்கா வாயையும் திறந்தாள். இல்லாத ஜெபத்தை ஆண்டவர் பேரால் எப்படிச் சொல்வது?

"நான் பண்ணலடி."

"என்னது?"

"மறந்துட்டேன். அன்னிக்குக் கேக் வெட்டினாங்க. அங்க நின்னு சிரிச்சுக்கிட்டிருந்தேன். சேதி வந்தப்புறந்தான் ஞாபகமே வந்துது."

நெட்டை பாதி நடையில் நின்றுவிட்டாள்.

"அப்போ, அந்த நேரத்துல என் பிள்ளைக்காக யாருமே கேக்கலையா?"

அக்கா இல்லையென்று தலையாட்டினாள்.

"ஒரே ஒருத்தியை நம்பித்தானேக்கா உக்காந்திருந்தேன்."

விரிப்பை அவள் கீழே போடவில்லை. கடைசி மடிப்புவரை மடித்து, அடுக்கின் மேல் வைத்து, ஓரத்தைத் தடவிச் சரிசெய்தாள். பிறகு போய் சூப்பர்வைசரிடம் தன்னை வேறு ஆளோடு போடச் சொன்னாள். அன்றிலிருந்து அக்காவோடு ஒரு வார்த்தை கிடையாது.

அக்காவும் மாறிப்போனாள். யாராவது ஜெபம் பண்ணச் சொன்னால், "அப்புறம்னா மறந்துடுவேன், இப்பவே பண்ணிடறேன்" என்று நின்ற இடத்திலேயே கண்ணை மூடுவாள். தினமும் பத்து மணி ஆனால் கையில் இருப்பதை வைத்துவிட்டு, பெரிய மெஷினுக்குப் பின்னால் முழங்காலிடுவாள். "வேலைக்கு வர்றியா, கோயிலுக்கு வர்றியா?" என்று சூப்பர்வைசர் சத்தம் போட்டார். டீ நேரத்தில் நின்று அந்த வேலையை முடித்துக் கொடுத்தாள். போய்விட்ட பிள்ளைக்கு இனி என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. "நெட்டை இங்க இருக்கா ஆண்டவரே, அவளைப் பாருங்க," இவ்வளவுதான். கூடத்தின் அந்தக் கோடியில் நெட்டை முதுகைக் காட்டிக்கொண்டே மடிப்பாள். மாதங்கள் இப்படியே போயின.

ஒருநாள் மேலே ஒரே சமயத்தில் எல்லா அறையும் காலியாயிற்று. கீழே விரிப்பு மலையாகக் குவிந்தது. உருளையில் ஒன்று சிக்கிக்கொண்டது. அக்கா மெஷினை நிறுத்தி, பல்லைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். வேர்வை கண்ணில் இறங்கியது. கடிகாரம் எங்கே, அவள் எங்கே.

"மணி பத்தாச்சு."

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. திரும்பினாள். நெட்டை நின்றிருந்தாள். சிரிப்பில்லை. கோபமா, வேறேதுமா, அதுவும் பிடிபடவில்லை. கண் மட்டும் சிவந்திருந்தது.

அக்கா உடைந்துபோனாள். ஈரத்தரையில் அப்படியே முழங்காலிட்டாள். தினமும் சொன்ன அந்த இரண்டு வார்த்தைகூட வரவில்லை, அழுகைதான் வந்தது. சிக்கிய விரிப்பின் முனை இன்னும் கையில் இருந்தது.

நெட்டை குனிந்து அதை அவள் விரல்களிலிருந்து எடுத்தாள்.

"அழுதது போதும். அவர்கிட்டக் கேளு," என்றாள். "துணியை நான் பிடிச்சுக்கறேன்."