நாலு நிமிஷத்தில் இருநூறு பேர்

பதினெட்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்த சுரங்க ரயில் நிலையத்தை ஜனங்கள் சுற்றிப் பார்க்கும் இடமாக மாற்ற நாலு வருஷம் நாயாய் அலைந்தேன். ஒரு காலத்தில் அங்கே ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொன்னவள் நான். பிளாட்பாரத்தில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தியவன் என் அண்ணன். மஞ்சள் கோட்டை யாரையும் தாண்ட விடமாட்டான் என்பதால் ஊரே அவனை மஞ்சக்கோடு என்றுதான் கூப்பிடும். தண்டவாளப் பள்ளத்தில் செடி வைத்தோம், பழைய ரயில் பெட்டியில் காபிக்கடை போட்டோம், சுவரெல்லாம் ஓவியம். தீயணைப்பு அதிகாரியின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

நிபந்தனை ஒன்றே ஒன்று. அபாய மணி அடித்தால் உள்ளே இருக்கும் இருநூறு பேரும் நாலு நிமிஷத்தில் தெருவுக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் படிக்கட்டைச் செங்கல் வைத்து நிரந்தரமாக அடைத்துவிடுவார்கள்.

அக்கம்பக்கத்துத் தெருக்காரர்களைக் கூட்டி வந்தோம். எல்லாரும் ஒரு காலத்தில் தினமும் இங்கே ரயில் ஏறியவர்கள்தான். அபாய மணியாக நிலையத்தின் பழைய மணியையே மாட்டியிருந்தேன். எவ்வளவு கம்பீரமான மணி!

அடித்தது. ஒருத்தரும் படியேறவில்லை. இருநூறு பேரும் பிளாட்பார ஓரத்துக்கு வந்து, சுரங்கத்துக்குள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். ரயில் வரும்போது அடிக்கிற மணி அல்லவா அது! அண்ணன் வேறு இரண்டு கையையும் விரித்து, "கோட்டுக்குப் பின்னாடி நில்லுங்க! இறங்குறவங்களுக்கு வழி விடுங்க!" என்று கத்தினான். இறங்க யார் இருக்கிறார்கள், செடிகளா?

ஒன்பது நிமிஷம் ஆயிற்று. சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதை நானே வைத்துக்கொண்டேன்.

"இன்னும் ஒரே ஒரு தடவைம்மா. அப்புறம் என்னைக் கேக்காதீங்க," என்றார் அதிகாரி.

"வேற மணி வாங்கிட்டு வரட்டுமா?" என்றான் அண்ணன்.

"நீ கையை மடக்கிட்டு சும்மா இருந்தாலே போதும்ண்ணே!" என்று எரிந்து விழுந்தேன்.

அப்போதுதான் உறைத்தது. இவர்களுக்கு மணி மட்டுமா பழக்கம்? மறுபடி மணி அடித்ததும் மைக்கைப் பிடித்தேன்.

"பயணிகளின் கவனத்திற்கு. அடுத்து வர வேண்டிய ரயில் ரத்து செய்யப்பட்டுள்ளது. மேலே மாற்றுப் பேருந்து தயாராக உள்ளது."

"ஐயோ, உக்கார இடம் கிடைக்காதே!" என்றது ஒரு குரல். அவ்வளவுதான். முட்டிவலி என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கிய பக்கத்து வீட்டு அக்கா முதல் ஆளாகப் படியைப் பிடித்தார். படிக்கட்டடியில் அண்ணன், "இடிக்காதீங்க! ரெண்டு வரிசை!" என்று கூட்டத்தைப் பிரித்து அனுப்பினான். கண்மூடித் திறப்பதற்குள் பிளாட்பாரம் காலி.

மூச்சு வாங்க மேலே ஓடினேன். அதிகாரியைக் காணோம். தேடினால், பஸ் நிறுத்தத்தில் மூன்றாவது ஆளாக வரிசையில் நிற்கிறார்!

என்னைப் பார்த்ததும் காது வரைக்கும் சிவந்துபோய்க் கடிகாரத்தை நீட்டினார். இரண்டு நிமிஷம் ஐம்பது விநாடி.

"நெஜமாவே தீப்பிடிச்சாலும் இதையே சொல்லுங்கம்மா," என்றபடி, காகிதத்தை அண்ணனின் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.