துணி அடைத்த துளை

லோகேஸ்வரி ஜன்னல் சட்டத்துத் துளைக்குள் ஈரத்துணியைத் திணித்து முடிக்கவும், காற்றில் பால்கனிக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. உள்ளிருந்து மட்டுமே திறக்கிற கதவு. போனும் சாவிக் கொத்தும் உள்ளே கட்டில்மேல்.

டத்தோ கிராமாட் சாலையில், விடுதியாக மாற்றிய பழைய கடைவீடு அது. மாடியின் பின்பக்க மரப் பால்கனி நாலு எட்டில் முடிந்துவிடும். திரும்ப உள்ளே போக, திறந்திருந்த பக்கத்து ஜன்னல் ஒன்றுதான் வழி. அதன் கீழ்ச்சட்டத்தில்தான் விரல் போகிற அளவு துளை. அடியில் எப்போதும் மரத்தூள். விடுதியில் துப்புரவு வேலை அவளுக்கு; அதைக் கூட்டுவதும் அவள்தான். இன்று மஞ்சளாக ஒரு வண்டு முகத்துக்கு நேரே வந்து நின்று ரீங்கரித்ததும், தேன்கூடு மாதிரி உள்ளே நூறு இருக்குமென்று பயந்து அடைத்துவிட்டாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தேனீ கொட்டி, தொண்டை அடைத்து, ஆஸ்பத்திரியில் கிடந்தவள். இன்னொரு கொட்டு உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"பாய்! நாகூர் பாய்!"

பின்சந்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த தேத்தண்ணிக் கடை நாகூர் மீரான் அண்ணாந்து பார்த்தார்.

"மாட்டிக்கிட்டேன் பாய். வண்டு வேற விரட்டுது."

"எந்த நிறம்?"

"உடம்பு பூரா மஞ்சள்."

"அது ஆம்பள லா. கொடுக்கே கிடையாது. என் மச்சான் மாதிரி, சத்தம் மட்டும்தான்."

அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அதற்குள் கனத்த குரலோடு இன்னொன்று வந்தது. கன்னங்கரேல் உடம்பு, முதுகில் மட்டும் மஞ்சள் மயிர். நேரே துளைக்குப் போய்த் துணியை முட்டியது. மறுபடி முட்டியது. அவளைச் சுற்றிவிட்டுத் திரும்பவும் ஜன்னலுக்கே போனது.

"பாய், கருப்பு. முதுகு மஞ்சள்."

பாய் கோப்பையைக் கீழே வைத்தார். "அது பொம்பள. கொட்டும். சும்மா கொட்டாது. அதோட ஓட்டைய ஏதும் பண்ணுனியா?"

"அடைச்சிட்டேன்."

"ஐயோ அக்கா! மரங்குடையுற வண்டு அக்கா அது. ஓட்டைக்கு ஒண்ணோ ரெண்டோதான் இருக்கும். அது குஞ்சு உள்ள இருக்கு. எடுத்துவிடு."

"நீங்க சூப்பர்வைசருக்குப் போன் போடுங்க."

போட்டார். "அக்கரையில, புக்கிட் தெங்கால இருக்காராம். கடல் பாலத்துல ஜாமாம். ஒன்றரை மணி நேரம் ஆகுமாம்."

ஒன்றரை மணி நேரம். வண்டு அவள் காதோரம் உரசிப் போனது. முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நகர இடமில்லை.

"கைய வீசாதக்கா. மெதுவா."

வண்டு விலகிய நேரம் பார்த்துக் கையை நீட்டினாள். துணியின் நுனியைப் பிடித்தபோது அது திரும்பி வந்து அவள் கட்டைவிரலிலேயே உட்கார்ந்தது. ஆறு கால்களும் தோலைப் பற்றின. மூச்சை அடக்கிக்கொண்டு, நூல் நூலாகத் துணியை இழுத்தாள். துளை தெரிந்ததும் வண்டு விரலை விட்டு இறங்கி, தலையை நுழைத்து, கருப்பு வயிற்றையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனது.

அவள் முழங்காலைச் சட்டத்தில் ஊன்றினாள். மரத்துக்குள் அது ரீங்கரிப்பது முட்டி எலும்பில் அதிர்ந்தது. ஏறி, அறைக்குள் விழுந்தாள்.

"அக்கா! கொட்டிருச்சா?"

"இல்ல பாய்" என்றாள். குரல் ஜன்னலைக்கூடத் தாண்டவில்லை. எழுந்து நின்று இன்னொரு தடவை சொன்னாள்.