மூன்றாம் எண் செடி

ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் பீன்ஸக்காதான். கதவில் பட்டத்தோடு ஒரு பெயர்ப்பலகை தொங்குகிறது. அதை யாரும் மெனக்கெட்டுப் படித்ததில்லை. மூன்று வருஷமாக அவள் பட்ட பாடு அப்படி. நாம் சாப்பிடுகிற பீன்ஸுக்கும், எந்த வெயிலுக்கும் அசையாத ஒரு காட்டு பீன்ஸுக்கும் கல்யாணம் பண்ணிவைக்கப் பார்த்தாள். இரண்டும் வேறு வேறு இனம், லேசில் ஒட்டுமா? அறுநூறு மொட்டுகளைப் பிரித்து மகரந்தம் தடவியதில் காய் பிடித்ததே சொற்பம். அதையும் பிஞ்சிலேயே கீறி, கருவை எடுத்துக் குழாயில் வளர்த்து, கடைசியில் தேறியது பன்னிரண்டு செடி.

பன்னிரண்டும் அம்மா ஜாடை, அதாவது சாப்பிடுகிற பீன்ஸ் ஜாடைதான். பூ முந்திக்கொண்டு தன் மகரந்தத்தையே ஏற்றிருந்தால் அது கலப்பே இல்லை, பழைய பீன்ஸ். எது நிஜக் கலப்பு என்று இலையைக் கிள்ளி மரபணுவைப் பார்த்தால்தான் தெரியும். ஜெல் என்கிற கூழ்த் தகட்டில் அதை ஓடவிட்டால் அம்மாவின் அடையாளக் கோடு கீழே விழும், அப்பாவான காட்டு பீன்ஸின் கோடு மேலே. இரண்டும் விழுந்திருந்தால்தான் அப்பாவின் சொத்து பிள்ளைக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம்.

அன்று காலை ஜெல்லை விளக்கு மேசையில் வைத்தாள். மூன்றாம் செடியின் வரிசையில் பளிச்சென்று இரண்டு கோடு. மற்ற பதினொன்றுக்கும் கீழே ஒன்றே ஒன்று. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடி வீட்டைப் பத்து மணிக்குள் இன்னொரு குழுவுக்குக் காலி பண்ணிக் கொடுக்க வேண்டும். உடனே தோட்டக்காரருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, மூணாம் நம்பரை மட்டும் வச்சுக்கங்க. மத்ததையெல்லாம் பிடுங்கி நீராவிப் பெட்டியில போட்டுருங்க."

சோதனைச் செடி எதுவும் உயிரோடு வெளியே போகக் கூடாது, நீராவியில் வெந்துதான் போக வேண்டும் என்பது அங்கே சட்டம். தோட்டக்காரரோ சொன்ன கையோடு முடிக்கிற ஆள்.

அப்புறம் ஜெல்லைப் படமெடுத்து, சாவகாசமாக வரிசைகளுக்குப் பெயர் எழுத உட்கார்ந்தாள். இடது ஓர வரிசை அம்மா, வலது ஓர வரிசை அப்பா; ஒப்பிட்டுப் பார்க்க அவளே ஊற்றியவை. இடது ஓரத்தில் 'அம்மா' என்று எழுதப் போனாள். அங்கே கோடு மேலே இருந்தது.

வழுக்கும் அந்தத் தகட்டை மேசைக்கு மாற்றுகிறபோது குப்புறப் போட்டிருக்கிறாள், இடம் வலமாகிவிட்டது. மறுபக்கத்திலிருந்து எண்ணினாள். இரண்டு கோடுகளும் பத்தாம் செடியுடையவை. முதலில் ஓரத்தைப் பார், அப்புறம் நடுவுக்கு வா என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பெடுப்பவளே இவள்தான். ஆசை முற்றிய கண் ஓரத்தை எங்கே பார்க்கிறது?

தோட்டக்காரருக்குப் போன் போட்டாள்; அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடினாள்.

கண்ணாடி வீட்டில் தொட்டிகள் வரிசையாகக் காலியாக இருந்தன. பத்தாம் தொட்டியில் எண் அட்டை மட்டும் மண்ணில் நின்றது. மூலையில் நீராவிப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அதன் வெப்பமுள் நூற்றிருபது டிகிரியைத் தாண்டியிருந்தது.

"அண்ணே, நிறுத்துங்க. திறங்க."

"நிறுத்தினாலும் இப்ப திறக்காது மேடம். சூடு இறங்கணும். ஏன், என்னாச்சு?"

அவள் கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். மூன்றாம் செடியை அவர் பெரிய தொட்டிக்கு மாற்றி, குச்சி நட்டு, தண்ணீரும் விட்டிருந்தார். அதைப் பார்க்கப் பார்க்க அழுகை முட்டியது.

தோட்டக்காரரின் முகம் சுருங்கியது. "நம்பரை மாத்திப் பிடுங்கிட்டேனா மேடம்? கண்ணாடி போடாமத்தான் பார்த்தேன். மூணு மாதிரிதான் தெரிஞ்சுது."

அவள் கையிலிருந்த போன் அடித்தது. இயக்குநர். ஆய்வகத்திலிருந்து சேதி அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது. "ரெண்டு கோடு விழுந்துருச்சாமே? செடி கிடைச்சிருச்சா?"

தோட்டக்காரர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பரை மாற்றிப் பிடுங்கிவிட்டேனா என்று அவர் கேட்டதற்கு ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும், பழி முழுக்க அவர் தோளுக்குப் போய்விடும். அப்படி ஒரு நினைப்பு வந்ததே அவளுக்குக் கூசியது.

"கிடைச்சுது சார். பத்தாம் நம்பர்," என்றாள். "நான்தான் பிடுங்கிப் போடச் சொல்லிட்டேன்."