ராத்திரி மழைக்கு ஒரு படங்கு

என் மகள் யதுர்ஷா தூக்கத்தில் படுக்கையை நனைப்பாள். வயது ஒன்பது. இன்றைக்கு யார் கேட்டாலும் இதை இப்படியே சொல்வேன். போன வருஷம் வரைக்கும் வாயைத் திறந்ததில்லை. விடியுமுன்னே எழுந்து விரிப்பைக் கசக்கி, வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் கோழிக்கூட்டின் மேல் காயப் போட்டுவிட்டுத்தான் கொழுந்து பறிக்கப் போவேன். எங்கள் வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்து மழையில் துணி மூன்று நாளானாலும் காயாது. வாடை மட்டும் முதல் நாளே லயம் முழுக்கச் சுற்றி வந்துவிடும்.

அவளை அடித்தும் இருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. வெட்கப்பட வேண்டியது அதற்குத்தான். அவள் நனைத்ததற்கு இல்லை.

பழுக்கக் காய்ச்சிய கரண்டியால் தொடையில் ஒரு இழுப்பு இழுத்தால் மறுநாளே நின்றுவிடும் என்று பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ஜீவராணி வழி சொன்னாள். பிள்ளை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அவள் தூங்கவே பயந்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை விரித்து விரித்துப் பார்த்தாள். கடைசியில் உட்கார்ந்தபடியே தூங்கி, உட்கார்ந்தபடியே நனைத்தாள். மறுநாள் வேலைக்குப் போகாமல் பிள்ளையோடு புருஷனையும் இழுத்துக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே இருந்தவர் ஒரு சிங்கள டாக்டரம்மா. தமிழை மெதுவாக, பொறுக்கிப் பொறுக்கிப் பேசினார்.

"பிள்ளை வேணும்னு செய்றது இல்லை அம்மா. மூத்திரப் பை நிறைஞ்சது தூக்கத்துல மூளைக்குத் தெரியிறது இல்லை. நிறையப் பிள்ளைக்கு இருக்கு. வளர வளரப் போகும். அடிச்சா, ஏசினா கூடும்."

மூத்திரத்தைச் சோதித்தார். மலச்சிக்கல் இருக்கிறதா என்று கேட்டார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, சின்ன வயதில் உங்களில் யாருக்காவது இது இருந்ததா என்றார். என் புருஷன் விஜிதரன் சுவரில் ஒட்டியிருந்த பல் விளக்கும் படத்தைப் பார்த்தார். ஒரு பல்லை ஒரு மனிதன் அவ்வளவு கவனமாகப் பார்த்து நான் கண்டதில்லை.

பஸ் நிற்கும் இடத்துக்கு வந்த பிறகுதான், "பன்னெண்டு வயசு வரைக்கும்" என்றார்.

மகள் அடி வாங்கும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருந்த மனிதர். பஸ் வரும் வரைக்கும் நான் அவரோடு பேசவில்லை. ஏறியதும் ஆரம்பித்தேன், இறங்கும் வரைக்கும் நிறுத்தவில்லை.

அன்றிலிருந்து டாக்டரம்மா சொன்னபடி செய்தோம். பகலில் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னோம்; பின்னேரத்துக்கு மேல் குறைத்தோம். தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு இருட்டினால் தேத்தண்ணி கூடாது என்பதை என் மாமியாரால் நம்பவே முடியவில்லை. கக்கூஸ் நாற்பது படி கீழே இருக்கிறது. அதனால் காம்பரா மூலையில் என் புருஷன் ஒரு வாளி வைத்தார். படுக்கப் போகும்போது மறக்காமல் போய்விட்டுப் படுக்க வேண்டும். பாயின் மேல் என் படங்கை விரித்தேன். செடியின் ஈரம் படாமல் நாங்கள் இடுப்பில் கட்டுகிற தடித்த ரப்பர் துணிதான் அது. பகலில் எனக்கு, ராத்திரியில் அவளுக்கு. காலையில் துடைத்தால் போதும். நனைவது உடனே நிற்கவில்லை, ஆனால் வாரத்தில் ஏழு நாள் என்பது நான்கானது. அதைவிட, பிள்ளை படுத்ததும் தூங்கினாள்.

அப்போதுதான் பேச்சுப் போட்டி வந்தது. யதுர்ஷா வலய மட்டத்தில் முதலாவதாக வந்தாள். அடுத்தது கண்டியில். பிள்ளைகள் இரண்டு ராத்திரி அங்கே ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் தங்க வேண்டும். கூட்டிக்கொண்டு போகிற சுதர்ஷினி டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பிள்ளைக்கு அந்தப் பழக்கம் இருக்குன்னு கேள்விப்பட்டேன். மத்தப் பிள்ளைங்க கேலி பண்ணுவாங்க. அவ மனசுதான் கஷ்டப்படும். அடுத்த வருஷம் பாப்போமே."

ஜீவராணியின் மகளும் அதே வகுப்புத்தான். கேள்வி எந்த வழியாக வந்தது என்று நான் விசாரிக்கவில்லை.

"பழக்கம் இல்லிங்க டீச்சர். பழக்கம்னா விடச் சொல்லலாம். இது தூக்கத்துல வாறது" என்றேன். "பேசுறதுக்கு வாய்தானுங்க வேணும்? அது அவகிட்ட நல்லாத்தான் இருக்கு."

"ராத்திரி என்னா செய்றது?"

"அவளே விரிப்பா, அவளே தொடைப்பா. நீங்க படுக்குறதுக்கு முந்தி ஒருக்கா ஞாபகப்படுத்துனா போதும். அதுவும் முடியாதுன்னா நான் வந்து மண்டபத்து வாசல்ல படுத்துக்கிறேன்."

நான் படுத்தாலும் படுப்பேன் என்று டீச்சருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சரி என்றார்.

புறப்படுகிற அன்று படங்கைக் கழுவி மடித்து அவள் பையில் வைத்தேன். பிறகு படங்கு இல்லாமலே, காலையில் வேலைக்கு எல்லோரும் கூடுகிற பெரட்டுக்குப் போனேன். வேலைக்கு ஆள் பிரிக்கிற கங்காணி சோலைமலை எல்லோர் முன்னாலும் என் இடுப்பைப் பார்த்தார்.

"படங்கு எங்க பிரேமினி? வெயில் காலம்னு நெனப்பா?"

கிழிந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"மக தூக்கத்துல படுக்கைய நனைப்பா அண்ணே. கண்டிக்குப் போட்டிக்குப் போயிருக்கா. விரிக்கக் குடுத்துவிட்டேன்."

ஜீவராணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நல்லா சிரி" என்றேன். "கரண்டியத் தூக்கிக்கிட்டு மட்டும் என் பிள்ளைகிட்ட வந்துறாத."

இரண்டு நாளும் மழை விடவில்லை. இடுப்புக்குக் கீழே தொப்பலாக நனைந்தபடி கொழுந்து பறித்தேன். ஈரத் துணி தொடையில் ஒட்டிக்கொண்டு விறைத்தது. இப்படித்தானே இந்தப் பிள்ளை விடியற்காலையில் நின்றிருப்பாள், நான் கை ஓங்கும்போது என்று நினைத்தேன். மலை உச்சியில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். மழையில் யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் வந்து சேர்ந்தாள். பையைத் துழாவினேன். படங்கு இல்லை.

"படங்கு எங்கடி?"

"குடுத்துட்டேம்மா."

தோட்டத்தில் ஒருவருக்கு வருஷத்துக்கு ஒன்றுதான் தருவார்கள்.

"மொத நாள் விரிக்கிறப்ப எல்லாரும் இது என்னான்னு கேட்டாங்க. எங்கம்மா மழைக்குக் கட்டுறது, எனக்கு ராத்திரியில மழை பெய்யும்னு சொன்னேன்."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். பொறகு தூங்கிட்டாங்க. அன்னைக்கு நனைச்சேம்மா. அடுத்த நாள் இல்ல."

"சரி, படங்கு?"

"மஸ்கெலியாவுல இருந்து வந்த பிள்ளை ஒண்ணு காலையில போர்வைய ஒளிச்சு வச்சுக்கிட்டு பாத்ரூமுக்குப் பின்னால அழுதுச்சு. அவங்க டவுன்ல இருக்காங்களாம். வீட்டுல படங்கு இல்லியாம். அவங்கம்மா அடிப்பாங்களாம். அதான் வாறப்ப குடுத்துட்டேன். நீங்க கங்காணி மாமாகிட்ட வேற கேளுங்க."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவங்கம்மா அடிப்பாங்களாம் என்ற சொல் என்னை நிறுத்தியது. அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் போட்டியில் இரண்டாமிடம் வந்ததைச் சொன்னாள்.

மறுநாள் பெரட்டில் சோலைமலையின் முன்னால் போய் நின்றேன்.

"படங்கு வேணும் அண்ணே. ரெண்டு."

"ரெண்டா? ஒனக்குக் குடுத்தது எங்க?"

"மக இன்னொரு பிள்ளைக்குக் குடுத்துட்டா. அதுவும் நனைக்குமாம். எனக்குப் பகல் மழைக்கு ஒண்ணு, அவளுக்கு ராத்திரி மழைக்கு ஒண்ணு."

"ஆளுக்கு ஒண்ணுதான் சட்டம். இது என்னா புது வழக்கம்?"

தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து வேலைக்குப் போக நின்ற ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. என் புருஷனுடையது. இந்தத் தடவை அவர் எந்தப் படத்தையும் பார்க்கவில்லை. கங்காணியின் முகத்தைத்தான் பார்த்தார்.

"பழைய வழக்கந்தான் அண்ணே. பன்னெண்டு வயசு வரைக்கும் எனக்கும் பெஞ்சுச்சு."

பெரட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. சோலைமலை தலையைச் சொறிந்துகொண்டு படங்கு வைத்திருக்கிற ஸ்டோர் பக்கம் திரும்பினார். அவர் மறந்துவிடக் கூடாதே என்று நான் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டியபடியே நின்றேன்.